பதினொன்றாவது பச்சை

லூபெக்கில் எங்கள் சந்துக்குள் நுழைய
யாரானாலும் குனிய வேண்டும்,
மேயரானாலும் மின்மீட்டர் பார்க்க வருபவரானாலும்.
அகலம் சவப்பெட்டிக் கணக்கு.
பெட்டி போக வழியில்லாமல்
அந்தக் காலத்தில் வீடு கட்ட விடமாட்டார்களாம்.
இதை எனக்குச் சொன்னதே
புதிர்நடைக்காரர்கள்தாம்.
என் சன்னலுக்குக் கீழே நின்று
உரக்க வாசிப்பார்கள்:

   தலை தாழ்த்தினால் வழிவிடுவேன்,
   நிமிர்ந்தால் நெற்றியில் முத்தமிடுவேன்.
   என் வயிற்றுக்குள் ஒரு சன்னல்,
   சன்னலடியில் சிவப்புக்கு நடுவே பச்சைக் கல்.
   எத்தனை பச்சையோ
   அத்தனை கதவு தாண்டி
   இடக்கைப் பக்கம் திரும்பு.

நான் இரவுப் பேருந்து ஓட்டுகிறவள்.
பத்தொன்பது வருடமாகக் கடைசி வண்டி என்னுடையது.
ஊருக்குப் பகல் பதினொரு மணி என்றால்
எனக்கு நடுநிசி.
அந்த நடுநிசியில்
டேனிஷில், போலிஷில், பவேரிய இழுவையில்
ஒன்று, இரண்டு, மூன்று
என்று தலைமாட்டில் எண்ணினால்?
கைமாற்றாகக் கொடுத்த காசு மாதிரி
போன தூக்கம் போனதுதான்.

ஏப்ரலில் ஒரு தொட்டி வாங்கினேன்.
ஜெரானியம்.
பதினொன்றாவது பச்சைக்கு முன்னால் வைத்தேன்.
அழகுக்கு,
என்றேன் எதிர்வீட்டு டெட்லெஃப் ஃப்ராமிடம்.
அவர் தொட்டியைப் பார்த்தார்,
கல்லைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"அழகுதான்."

அதற்கப்புறம் எல்லோருக்கும் பத்து.
வழி தவறித் திரும்பி வந்து
கதவைத் தட்டித் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.
ஒருவர்கூட வரவில்லை.
அதுதான் உறுத்தியது.
எங்கே போகிறார்கள் இவ்வளவு பேரும்?

ஒரு விடுமுறை நாளில்
ஒன்பது யூரோ கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கினேன்.
"ஊருக்குப் புதுசா?" என்றான் கடைப் பையன்.
ஆமாம் என்றேன்.
பெரிய பொய்யில்லை.
எனக்குத் தெரிந்த ஊர் நிறுத்தங்களால் ஆனது,
நிறுத்தத்துக்கு நிறுத்தம் நடுவே இருப்பதெல்லாம்
பக்கக் கண்ணாடியில் பின்னால் ஓடுவது.

ஹோல்ஸ்டன் வாசலின் இரண்டு கோபுரமும்
கூட்டம் கலைந்த பிறகும் போகாமல்
குசுகுசுக்கும் இருவர் போலச் சாய்ந்திருக்கின்றன.
சாய்வை அளக்கச் சொன்னது புத்தகம்.
கட்டைவிரலால் அளந்தேன்.
தேவாலயத்தில் ஒரு கல் எலி,
தொட்டுத் தொட்டே கறுத்துப்போனது.
என் பங்குக்கு நானும் தொட்டேன்.
அதன் எழுத்து ஒன்று, இன்னொரு வீட்டு முகட்டின்
படிக்கட்டு எண்ணிக்கை ஒன்று,
கூட்டிக் கழித்து
ஏழாவது பக்கம் வந்தபோது
படித்துக்கொண்டே நடந்தவள்
குனிய மறந்தேன்.

என் சந்து
என் நெற்றியில் இட்ட முதல் முத்தம்.

வீங்கிய இடத்தைத் தேய்த்தபடி
என் சன்னலுக்குக் கீழே நின்றேன்.
பழுப்புத் திரை. துவைக்க வேண்டும்.
எதிர்ச் சன்னலில் டெட்லெஃப், கையில் காப்பி.
எண்ணினேன்.
பதினொன்று என்று தெரியும்.
தெரிந்ததைச் சொல்வதா, கண்டதைச் சொல்வதா?
"பத்து" என்றேன், அவருக்கும் கேட்கிற மாதிரி.

பத்தாவது கதவு. இடக்கை.
பேருந்து நுழைய முடியாத தெரு,
அதனாலேயே நான் நுழையாதது.
முடிவில் திடீரென ட்ராவ ஆறு.

கரையில் ஐந்தாறு பேர்,
செருப்பைக் கழற்றிவிட்டு
கால் தொங்கப்போட்டு
ஊறவைத்த மீன் ரொட்டி தின்றுகொண்டு.
பக்கத்தில் ஏழாம் பக்கம் திறந்தபடி
காற்றுக்குக் கல் வைத்த அதே புத்தகங்கள்.
பரிசு மார்சிபான்
வேறெங்கோ பூட்டிய பெட்டிக்குள்.
யாருக்கும் எழுந்திருக்கும் எண்ணமில்லை.

"உங்களுக்கும் பத்தா?" என்றாள் ஒருத்தி.
"பத்து."
நகர்ந்து இடம் விட்டாள்.

மாலையில் திரும்பினால்
தொட்டிக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.
யார் என்று கேட்கவில்லை.

இப்போதும் எண்ணுகிறார்கள், இப்போதும் விழிக்கிறேன்.
மழை நாளில் மட்டும்
எழுந்து போய்த் தொட்டியைத் தள்ளிவைப்பேன்.
நனைந்துகொண்டே எண்ணுகிறவர்களுக்குப்
பதினொன்று.